உடலைக் குறைசொல்லும் மனம்: புகைப்படக்காரர் ஒருவரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோற்றம் குறித்த தாழ்வு மனப்பான்மையிலிருந்து விடுபடுவது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி முன் நின்று ‘நான் அழகாக இருக்கிறேன்’ என்று தினமும் சொல்லிக்கொள்ளுங்கள், உங்களை நீங்களே நேசியுங்கள், மற்றவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற மூன்று அறிவுரைகளோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், முகங்களைப் படம் எடுப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு, அந்த அறிவுரைகள் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே பயன்படாமல் போகும் என்று தோன்றியது. தான் அழகில்லை என்று உறுதியாக நம்பும் ஒருவருக்கு ‘நான் அழகு’ என்ற வாசகம் பொய்யாகத்தான் கேட்கும். கனடாவைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: தன்மதிப்பு குறைந்தவர்கள் தம்மைப் பற்றிய நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். ஆகவே, இவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எதிர்த்திசையில் இன்னொரு நம்பிக்கை அன்று. தமக்குள் ஓயாமல் பேசும் அந்தக் குரல் சொல்வதெல்லாம் கண்ணால் கண்ட உண்மை இல்லை என்று சரிபார்த்துக்கொள்ளும் வழியைத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

அடையாள அட்டைக்கோ விண்ணப்பத்துக்கோ படம் எடுக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேசும் முதல் பேச்சு பெரும்பாலும் ஒரு மன்னிப்பாகவே இருக்கிறது. ‘என் முகம் ஃபோட்டோவுக்கு ஒத்துவராதுங்க’, ‘இந்தப் பக்கம் வேண்டாம், தாடை தொங்கும்’, ‘பல் தெரியாமல் எடுத்துவிடுங்கள்’ என்பார்கள். நான் எதுவுமே கேட்டிருக்க மாட்டேன். அவர்கள் சொன்ன பிறகுதான் அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். தேடியும் கிடைக்காத நாள்கள் உண்டு. எடுத்த படத்தைக் கணினித் திரையில் காட்டும்போது, கூட வந்த நண்பரோ உறவினரோ முழு முகத்தையும் பார்த்து ‘நன்றாக வந்திருக்கிறதே’ என்பார். படத்துக்கு உரியவரின் கண் மட்டும் நேராக அந்த ஓர் இடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். ‘இதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுங்கள்’ என்று கேட்டு, வேறு எவரும் ஒருநாளும் பார்க்கப்போகாத அளவுக்கு அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தான் நினைத்தது சரிதான் என்று தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

ஒருமுறை இளைஞர் ஒருவர் தம் மூக்கைச் சிறிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். சான்றாகத் தம் கைப்பேசியில் இருந்த செல்ஃபிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாவற்றிலும் மூக்கு பெரிதாகத்தான் இருந்தது. அவரை ஆறேழு அடி தள்ளி உட்காரவைத்து, முகப்படத்துக்கென்று உள்ள லென்ஸைப் போட்டு எடுத்து, இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தேன். காதுகள் இரண்டும் தெரிந்தன. மூக்கு தன் அளவுக்கு அடங்கியிருந்தது. திருத்தம் எதுவும் செய்யவில்லை என்பதை அவர் நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதியும். கை நீட்டும் தூரத்தில் எடுக்கும்போது, முகத்தில் முன்னால் நிற்கும் மூக்குக்கும் பின்னால் இருக்கும் காதுக்கும் இடையிலான சில அங்குல வேறுபாடே பெரிய விகித மாற்றத்தை உண்டாக்கிவிடும். 2018-இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான கணக்கீட்டின்படி, 12 அங்குல தூரத்திலிருந்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் 5 அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் தெரிவதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. அப்படியொரு படத்தை நம்பி அறுவை சிகிச்சை நிபுணரைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அந்த மருத்துவர்கள் இந்தக் கணக்கையே போட்டார்கள்.

கண்ணாடியிலும் இதுபோன்ற ஒரு சங்கதி உண்டு. அதில் நாம் காண்பது இடவலம் மாறிய முகம். வாழ்நாள் முழுவதும் பழகியது அதுதான். படத்திலோ மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் முகம் வருகிறது. எவருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், பழகாத அந்த முகம் ஏதோ கோணலாகத் தெரிகிறது. 1977-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஒருவருடைய படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டியபோது, படத்துக்கு உரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடி முகத்தையும், அவர்களுடைய நண்பர்கள் நேர் முகத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ‘ஃபோட்டோவில் நான் நன்றாக இருக்க மாட்டேன்’ என்ற நம்பிக்கையில் ஒரு பெரும் பங்கு பழக்கமின்மையே. அதைக் குறை என்று பெயரிடுவது நம் மனம்.

கண்ணும் கருவியும் சேர்ந்து செய்யும் பிழை இவ்வளவுதான். மனம் தன் பங்குக்குச் சேர்ப்பது இதைவிடப் பெரிது. ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரெண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1980-இல் வெளியிட்ட சோதனையை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு காய்ந்து உரியாமல் இருக்கக் களிம்பு தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதை அழித்துவிட்டார்கள். தழும்பு இருக்கிறது என்ற நினைப்போடு அறிமுகமில்லாத ஒருவருடன் பேசிவிட்டு வந்தவர்கள், அவர் தம்மைப் பார்த்துச் சங்கடப்பட்டார், இரக்கப்பட்டார், இயல்பாகப் பேசவில்லை என்றெல்லாம் கூறினார்கள். இல்லாத தழும்பைப் பார்த்து யார் சங்கடப்பட்டிருக்க முடியும்? எதிரில் இருப்பவர் சற்று வேறு பக்கம் பார்த்தது, ஒரு கணம் பேசாமல் இருந்தது போன்ற சாதாரண அசைவுகளே சான்றுகளாகிவிட்டன. தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட பனியனை அணிவித்து மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினர்தான். நம்மைப் பார்ப்பவர்கள் நாம் அஞ்சும் அளவுக்கு நம்மைப் பார்ப்பதில்லை என்பதே நிலை. (அவர்களும் தத்தம் பனியனைப் பற்றிய கவலையில் இருந்திருப்பார்கள் போலும்.)

இந்தக் குரல் பிறவியிலேயே வருவதில்லை. யாரோ ஒருவர் போகிறபோக்கில் வீசிய சொல், காலப்போக்கில் நம்முடைய சொந்தக் குரலாகவே மாறிவிடுகிறது. ‘என்ன இப்படி இளைத்துவிட்டாய்’, ‘வெயிலில் கறுத்துவிட்டாயே’, ‘அக்கா மாதிரி இல்லையே நீ’ என்று நலம் விசாரிப்பதுபோல் உடலை விமர்சிப்பவர்களுக்கு அது அடுத்த நிமிடமே மறந்துவிடும்; கேட்ட பிள்ளைக்கு முப்பது ஆண்டானாலும் மறப்பதில்லை. இது என் ஊகமன்று. நடுத்தர வயதில் என்னிடம் படம் எடுக்க வருகிறவர்கள், தம் குறையைச் சொல்லும்போதே அதைப் பள்ளி நாளில் முதன்முதலாகச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சொல்லுக்கு அடுத்தபடியாகப் படங்கள். பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் நாட்ரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995-இல். பருத்த, வலுவான உடலே நல்வாழ்வின் அடையாளமாக மதிக்கப்பட்ட இடம் அது. தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், மீண்டும் 1998-இலும் அங்கே பதின்வயது மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் ஆய்வு நடத்தினார். உண்ணும் முறையில் கவலைக்குரிய மனப்போக்கு இருந்தவர்கள் முதல் ஆய்வில் 12.7 விழுக்காட்டினர், மூன்றாண்டு கழித்து 29.2 விழுக்காட்டினர். எடையைக் கட்டுப்படுத்துவதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை; பிறகு 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. அந்த மாணவிகளின் உடல் மாறவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதிரில் வந்து நின்ற உருவம்தான் மாறியது.

இன்றைய நிலை அதைவிடச் சிக்கலானது. அன்று ஒப்பீடு நடிகையோடு. இன்று ஒப்பீடு தன்னோடேயே. கைப்பேசியின் ஃபில்டர் தோலின் துளைகளை மறைக்கிறது, தாடையை ஒடுக்குகிறது, கண்களை அகலமாக்குகிறது. இந்த வேலைகளைக் கணினியில் கையால் செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கன்னத்தின் ஓரத்தை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளினாலே ஆள் மாறிவிடுவார், ஆனால் எங்கே மாறினார் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. அப்படி மாறிய தன் முகத்தையே நாள்தோறும் பார்த்துப் பழகியவருக்குக் காலையில் கண்ணாடியில் தெரியும் சொந்த முகம் ஏதோ தேய்ந்துபோன நகலாகத் தெரிவதில் வியப்பென்ன? பிரான்சில் 2017 முதலும் நார்வேயில் 2022 முதலும், உடலைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் அத்தகைய குறிப்புகளைப் பார்த்த பிறகும் ஒப்பீட்டால் வரும் சோர்வு பெரிதாகக் குறைவதில்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. திருத்தப்பட்ட படம் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் ஒப்பிட்டுவிடுகிறது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? முதலில், அந்தக் குரலை அடக்க முயலக் கூடாது. ‘இதை நினைக்கவே மாட்டேன்’ என்று உறுதி எடுத்தால் அந்த நினைப்பு இன்னும் வலுவாகத் திரும்பும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையில் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடி வந்துகொண்டேதான் இருந்தது. அடக்குவதற்குப் பதிலாக, குரல் சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிந்தனைச் சிகிச்சையின் (காக்னிட்டிவ் தெரபி) அடிப்படை இதுதான். தலைக்குள் சுழலும்போது மறுக்க முடியாத உண்மையாகத் தெரிவது, தாளில் வந்ததும் வெறும் ஒரு வாக்கியமாகிவிடுகிறது. வாக்கியத்தைக் கேள்வி கேட்கலாம். ‘என் வயிற்றைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்’ என்று எழுதியவர், எல்லோரும் என்றால் யார் யார், சிரித்ததைக் கண்ணால் கண்டேனா, வேறு எதற்காகவும் சிரித்திருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டால், மிஞ்சுவது பெரும்பாலும் ‘இருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன்’ என்ற அளவில்தான் இருக்கும். குறைசொல்லும் மனம், வரவை விட்டுவிட்டுச் செலவை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போன்றது. எழுதிய ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கக்கூடும். ஆனாலும் கணக்கு தவறு.

இங்கே ஒரு மறுப்பு எழும். தன்னைத் தானே கடிந்துகொண்டால்தானே திருந்த முடியும், உடல் எடை கூடியவரிடம் அதைச் சொல்லாமல் இருப்பது அவருக்கே கேடாகாதா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். உடல்நலம் குறித்து மருத்துவர் பேசுவது வேறு. வெட்கப்படவைத்துத் திருத்த நினைப்பது வேறு. அமெரிக்கச் சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் தரவுகளிலிருந்து 2014-இல் வெளியான முடிவு இது: 10 வயதில் வீட்டாரோ தோழியரோ ஆசிரியரோ ‘நீ மிகவும் குண்டு’ என்று சொல்லக் கேட்ட சிறுமிகள், அப்படிக் கேட்காதவர்களைவிட 19 வயதில் உடற்பருமனோடு இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 10 வயதில் அவர்களுக்கு இருந்த உடல் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இதே முடிவுதான். வெட்கம் ஒருவரை ஆடுகளத்துக்கு அனுப்புவதில்லை, அறைக்குள் பூட்டுகிறது. தோல்வியுற்ற நண்பனிடம் நாம் எந்தக் குரலில் பேசுவோமோ அதே குரலில் நம்மோடும் பேசிக்கொள்வதைக் கிறிஸ்டின் நெஃப் போன்ற ஆய்வாளர்கள் 2003 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். அது சோம்பலை வளர்க்காது, மீண்டும் முயலும் துணிவையே தருகிறது என்பது அவர்கள் கண்டது.

அறைக்குள் பூட்டுவது என்று நான் சொன்னது வெறும் பேச்சுக்காக அன்று. குடும்பங்களின் பழைய படங்களைச் சீர்செய்து தொகுத்துத் தருவதும் என் வேலைகளில் ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுப் படங்களைப் புரட்டினால், குழந்தைகள் வளர்கிறார்கள், பெரியவர்கள் நரைக்கிறார்கள், அம்மா மட்டும் எங்கும் இல்லை. கேட்டால், ‘நான்தான் எடுப்பேன், எனக்கு நிற்கப் பிடிக்காது, இளைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்’ என்பார்கள். நீச்சல் கற்பது, பிடித்த நிறத்தில் உடுத்துவது, மேடையேறிப் பேசுவது என்று இளைத்த பிறகு, சிவந்த பிறகு, முகப்பரு போன பிறகு என ஒத்திவைக்கப்பட்ட வாழ்க்கையின் பட்டியல் நீளமானது. ஒத்திவைக்கும் ஒவ்வொரு முறையும் குரல் சொன்னது மெய்யென்று ஆகிவிடுகிறது, ஏனெனில் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அமைவதில்லை. கூச்சம் நீங்கிய பிறகு செய்வது என்றில்லாமல், கூச்சத்தோடேயே ஒரு சிறிய காரியத்தைச் செய்துவிட்டு, அஞ்சியபடி எதுவும் நடந்ததா என்று பார்ப்பதே இதை உடைக்கும் வழி. எந்த மந்திர வாசகத்தைவிடவும் இதையே நான் நம்புகிறேன்.

உடலை நேசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் தேவையில்லை. பலருக்கு அது எட்டாத உயரம். எட்டாதபோது ‘என்னை நேசிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை’ என்று குறைப்பட்டியலில் இன்னொன்று சேரும். தோற்றத்தை விட்டு, உடல் செய்து தருவதன் பக்கம் கவனத்தைத் திருப்புவது எளிது. ஜெசிகா அலீவா குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தம் உடல் தமக்காகச் செய்யும் செயல்களைப் பற்றிப் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக மூன்று முறை எழுதிய பெண்களுக்குத் தம் தோற்றத்தின் மீதிருந்த மனக்குறையும் குறைந்திருந்தது. சிகிச்சையாளர்கள் கையாளும் வேறொரு முறையும் உண்டு: கண்ணாடி முன் நின்று தலை முதல் கால் வரை, பிடித்தது பிடிக்காதது எதையும் தாவிச் செல்லாமல், நல்லது கெட்டது என்ற சொல்லே வராமல், நிறம், வடிவம், நீளம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்ப்பது. என் தொழிலில் ஒளியமைப்பதற்காக முகத்தைப் பார்ப்பது இப்படித்தான். நெற்றி அகலம், கன்ன எலும்பு உயரம், இடது கண் சற்றுச் சிறிது என்று மனத்தில் குறித்துக்கொள்வேன். அவற்றில் எதுவும் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை, விளக்கை எங்கே வைப்பது என்ற விவரமாகவே தோன்றியிருக்கிறது.

இவையெல்லாம் போதாத நிலை ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் தங்கள் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறியதாகத் தெரியும் ஒரு குறையை எண்ணி நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வருந்துவது, திரும்பத் திரும்பக் கண்ணாடி பார்ப்பது அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது, தோலைக் கிள்ளிக்கொண்டே இருப்பது, ‘பார்க்க அசிங்கமாக இருக்கிறதா’ என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பது, வீட்டை விட்டு வெளியே வர மறுப்பது போன்றவை சேர்ந்து காணப்பட்டால், அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்னும் மனநலக் கோளாறாக இருக்கக்கூடும். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரித்த நோய் இது. ஏறத்தாழ நூறில் இருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. ஆண்களும் விலக்கல்ல. வேண்டிய அளவுக்குத் தசை இருந்தும் தான் நோஞ்சானாக இருப்பதாக நம்பி உடற்பயிற்சிக் கூடத்திலேயே கிடக்கும் இளைஞர்கள் இதன் இன்னொரு வடிவம். தற்கொலை எண்ணம் இவர்களிடம் மிகுதி என்பதால் இதை வீண் அழகுப் பித்து என்று ஒதுக்குவது ஆபத்து. அறுவை சிகிச்சையோ முகப்பூச்சோ இதைத் தீர்ப்பதில்லை. ஒரு குறை போனால் கவலை இன்னோர் இடத்துக்கு மாறிக்கொள்ளும். மனநல மருத்துவரிடம் முறையான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் பெற்றால் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

நிறைவாகத் தங்கள் நாளிதழிடம் சில வேண்டுகோள்கள். தாழ்வு மனப்பான்மையை வெல்வது பற்றிய அந்தக் கட்டுரையின் கீழ்ப்பாதியிலேயே, பருத்தவரையும் மெலிந்தவரையும் ‘முன்பு, பின்பு’ என்று அருகருகே காட்டும் எடைக் குறைப்பு விளம்பரம் ஒன்று இருந்தது. ஒரே ஆளை விளக்கின் திசையையும் நிற்கும் நிலையையும் மாற்றி, அரை மணி நேர இடைவெளியில் அப்படி இரண்டு படங்களாக எடுத்துவிடலாம் என்பது என் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். விளம்பரத்தை மறுக்கும் உரிமை ஆசிரியர் குழுவுக்கு எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்காவது அத்தகையவற்றை இத்தகைய கட்டுரைகளின் அருகில் வைக்காமல் இருக்கலாம். திரைக் கலைஞர்கள் பற்றிய செய்திகளில் ‘குண்டாகிப்போன’, ‘அடையாளம் தெரியாமல் மாறிய’ என்று தலைப்பிடுவதை நிறுத்தலாம். அவர்கள் அதைப் படிக்காமல் போகலாம், அதே உடல்வாகுள்ள வாசகர் படிக்கிறார். கேள்வி பதில் பகுதியில் நிறத்தையும் எடையையும் பற்றி வரும் கேள்விகளில் சிலவற்றையாவது அழகுக்கலை நிபுணருக்கு அனுப்பாமல் மனநல மருத்துவருக்கு அனுப்பிப் பதில் பெற்று வெளியிட வேண்டும் என்றும், மேற்சொன்ன நோயின் அறிகுறிகளை விளக்கும் கட்டுரை ஒன்றை அத்தகைய மருத்துவரைக் கொண்டே எழுதச்செய்து அதே இணைப்பிதழில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புகைப்படக் கலைஞர் ஒருவர்